ஆண்டியப்பன் சொன்ன வம்சம்

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரர் கல்லறைகளில் புல் வெட்டிக்கொண்டிருந்தவன் ஆண்டியப்பன். அவனும் அவனைப் பெற்ற மாயாண்டியும் பிறந்தது அங்கே கூலிகளின் வரிசை வீடுகளில், ஒரே லயத்தில். பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அப்பன் இலங்கையில் பிறந்ததைக் காட்டாதவர்கள் இந்தியாவுக்குப் போகவேண்டியதுதான் என்ற பேச்சு கிளம்பியபோது, அந்தப் பிறப்பைத்தான் அவன் நம்பியிருந்தான். "அப்பாவும் இங்க பொறந்தவருன்னு சொல்லிட்டா நம்மள யாரு அசைக்கிறது?" என்பான் மனைவி வீரம்மாவிடம்.

அவனுடைய பிரஜாவுரிமை மனுவை விசாரிக்க நாள் வைத்திருந்த சமயம், சீமையிலிருந்து ஒரு துரை வந்தார். அங்கே பெரிய வீட்டுப் பரம்பரையாம். பாட்டனின் தம்பி இந்த மண்ணில் கிடக்கிறார் என்று தேடி வந்தவர். ஆண்டியப்பன் பாசியைச் சுரண்டிக் கல்லைக் காட்டியதும் தொப்பியைக் கழற்றினார். பிறகு பூர்வீக ஊர், கோயில், யாருக்கு யார் மகன் என்று சொல்லிக்கொண்டே போனார். தோட்டத்துத் துரையே கைகட்டிக் கேட்டார்.

"என்னங்கய்யா இம்புட்டு நேரமாச் சொல்றாரு?" என்று கணக்கப்பிள்ளை சோலைமலையிடம் மெல்லக் கேட்டான்.

"வம்சம்டா. அது தெரிஞ்சவனுக்குத்தான் நாக்காலி போடுவாங்க. ஒனக்கு என்ன தெரியும்?"

"ஏன் தெரியாதுங்க? எங்க பாட்டன்..."

"போடா, போயிப் புல்ல வெட்டு."

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஹட்டனில் மனுவை விசாரித்த அதிகாரி தம்பிஐயா, யாழ்ப்பாணத்தார். நாற்காலியைக் காட்டி, "இரும். உம்மட குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்" என்றார்.

நாற்காலி! ஆண்டியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"முசிறிப் பக்கமுங்க பூர்வீகம். பாட்டன் அங்கேருந்து கப்பலேறுனவரு. எங்க குலசாமி அங்கதாங்க இருக்கு. வருசம் தவறாம மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வைக்கிறோமுங்க."

"அங்க இப்பவும் உம்மட ஆக்கள் இருக்கினமோ?"

"பங்காளிங்க நெறைய இருக்காங்க!" ஒருவர் முகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை.

வீரம்மா தொடையில் கிள்ளினாள். "ஒங்க அப்பாவச் சொல்லுங்க."

"இரு புள்ள, மொறையாத்தான வரணும்."

பெரியப்பாட்டன், சின்னப்பாட்டன் எல்லாரும் வந்து, அவன் மாயாண்டியிடம் வருவதற்குள் தம்பிஐயா பேனாவை மூடிவிட்டார். "காணும், இனிச் சொல்லத் தேவையில்லை. நீர் போகலாம்."

இந்தியாவோடு உறவை விடாத ஆள் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். அந்த வருசம் வீரம்மா குலசாமிக்குக் காசு முடியவில்லை. அவனும் கேட்கவில்லை.

கல்லறைப் புல் மட்டும் பழையபடி வளர்ந்தது. ஒருநாள், சீமைத் துரை தேடி வந்த அந்தக் கல்லில் என்ன வெட்டியிருக்கிறது என்று சோலைமலையைக் கேட்டான்.

"சீமையில பொறந்தவருன்னு போட்டிருக்குடா."

"அப்படியா? இவர யாரும் போகச் சொல்லலீங்களே" என்றான் ஆண்டியப்பன். மாயாண்டியைப் புதைத்த இடத்தில் தேயிலை நட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. இன்ன இடம் என்று காட்ட அங்கே ஒரு கல்லும் இல்லை.