முதுகு அராவிய சவரக்கத்தி

1979 செப்டம்பர் 17, சவரக்கத்தி: 7.50
செப்டம்பர் 19, தீட்டுக்கல்: 4.00
செப்டம்பர் 24, தோல் வார்: 3.25
அக்டோபர் 9, இன்னொரு கல், வழவழப்பானது: 9.00

இவ்வளவும் செலவழித்தவர் என் தங்கையின் கணவர். கடைவீதி முனையில் சாவி செய்யும் பெட்டிக்கடை வைத்திருந்தார். தெருவுக்கு அவர் 'சாவி', எனக்கு மாப்பிள்ளை. அவர்கள் கீழே, நான் மாடியில். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது, மார்பைத் தொடும் தாடி. தாடிக்காரருக்குச் சவரக்கத்தி எதற்கு என்று விற்றவரே கேட்டாராம்.

காரணம் அவருடைய அண்ணன். சரக்குக் கப்பலில் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பரில், வீட்டுக்கு வருவார். பேச்சு குறைவு. ஆனால் காலையில் பின்னறையில் அவர் தோல் வாரில் கத்தியை அடிக்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். பார்வை போன அவர்கள் அம்மாவுக்கு, மூத்தவன் வீட்டில் இருக்கிறான் என்பதற்கு அதுவே அடையாளம்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் தந்தி வந்தது. கப்பலில் ஆளைக் காணவில்லை, கடலில் தேடுகிறோம் என்றது. மாப்பிள்ளை அதை அம்மாவிடம் சொல்லவில்லை. செப்டம்பர் பாதி கடந்ததும், பிள்ளை வராத வீட்டில் எனக்கென்ன சோறு என்று அம்மா தட்டை ஒதுக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை பயந்துபோய் ஒரு பொய் சொன்னார்.

"அண்ணன் வந்துட்டான்மா. துறைமுகத்துல வேலை. நீ தூங்கின பிறகு வர்றான், எழுந்திரிக்கிறதுக்குள்ள போயிடுறான்."

"அப்படியா? கத்திச் சத்தம் கேக்கலியே?"

அண்ணனின் கத்தி அண்ணனோடு போய்விட்டது. நடைபாதையில் கிடைத்த மலிவான கத்தியை மாப்பிள்ளை வாங்கி வந்தார். வாரில் அடித்தால் நல்ல கத்தி 'சளக், சளக்' என்று பாடும். இது ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் 'தொப், தொப்' என்றது. உள்ளே படுத்திருந்த அம்மா, "யாருடா அது, செருப்பைத் தட்டுறது?" என்றார். நாளுக்கு அரை டம்ளர் கஞ்சிக்கு மேல் அவருக்கு இறங்கவில்லை.

தீட்டினால் சரியாகும் என்று மாப்பிள்ளை நம்பினார். கூர் விளிம்பு நெடுக மையைத் தடவி, கல்லில் இழுத்துப் பார்த்தார். இரண்டு ஓரத்திலும் மை அழிந்தது. நடுவில் அப்படியே இருந்தது. அலகு வளைந்திருந்தது. சாவி பூட்டில் இடித்தால் இடிக்கிற இடத்தை அராவுவதுதான் அவர் அறிந்த வேலை. அதையே இங்கும் செய்தார். அரத்தை எடுத்துக் கத்தியின் முதுகை அராவித் தள்ளினார். அலகு கல்லில் படிந்தது. ஆனால் கூர் வந்த இடமெல்லாம் காகிதம்போல் மடிந்தது. தாடியில் ஓர் ஓரமாக வைத்துப் பார்த்தார். மயிரைப் பிடுங்கிக்கொண்டு ரத்தமும் வந்தது.

"விட்டுடுங்க மாப்பிள்ளை. உண்மையச் சொல்லிடலாம்," என்றேன்.

"சொன்னா அம்மா இருக்க மாட்டாங்க மச்சான்."

அன்று மாலையே, அக்டோபர் 30, இருவருமாக முடிதிருத்தகத்துக்குப் போனோம். கடைக்காரர் கத்தியைத் திருப்பிப் பார்த்தார்.

"எந்தப் புண்ணியவான் இதோட முதுகை அராவினது?"

"நான்தாண்ணே."

"முதுகுதான்யா இதுக்கு அளவே. முதுகும் விளிம்பும் சேர்ந்து கல்லுல படுத்தாத்தான் கூர் பிடிக்கும். நீ கை வச்சா பூட்டுத் திறக்கும், தாடி திறக்குமா? இரும்பும் பதம் ஏறாத பச்சை இரும்பு. வச்சுட்டுப் போ, ரெண்டு நாள்ல முடிஞ்சதைப் பண்றேன்."

கத்தியை மேசை இழுப்பறையில் போட்டார். நாங்கள் இருக்கும்போதே கடையைப் பூட்டினார்.

மறுநாள் காலை தங்கை மாடிப்படியில் ஓடிவந்தாள். "அண்ணே, கீழ வா. அத்தை சாப்பாடு கேக்குறாங்க."

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத்தான் அவன் சத்தம் சரியாக் கேட்டுச்சு," என்றார். "முடிச்சதும் வாரை ரெண்டு தட்டுத் தட்டினான் பாரு, சின்ன வயசுலேர்ந்து அவன் பழக்கம்."

மாப்பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது. அந்த இரண்டு தட்டை அவர் மறந்தே போயிருந்தார்; ஒருநாளும் தட்டியதில்லை. அன்று பின்னறைக்கே அவர் போகவில்லை. இருவரும் போய்ப் பார்த்தோம். வார் ஆணியில் தொங்கியது. மாப்பிள்ளை தொட்டவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். நானும் தொட்டேன். வெறும் தோல், சில்லென்று இருந்தது.

"இங்க வாடா," என்று அம்மா கூப்பிட்டார். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்ததும் தாடியைத் தடவி, காய்ந்த ரத்தத்தில் விரலை நிறுத்தினார். "இத்தனை நாள் அடிச்சது நீதான்னு எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்கே ஆள் மாத்திக் காட்டுறியா, திருட்டுப் பயலே? உன் மனசு நோகுமேன்னு பேசாம இருந்தேன். இன்னிக்கு வந்தது அவன். சொல்லிட்டுப் போக வந்தான். இனிமே நீ அடிக்காதே."

அழவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அம்மா அதற்குப் பின் ஆறு ஆண்டுகள் இருந்தார். மாப்பிள்ளை அந்தக் கத்தியைத் திரும்ப வாங்கவேயில்லை. முடிதிருத்தகத்தைத் தாண்ட வேண்டியிருந்தால் எதிர்ப்பக்கம் மாறிக்கொள்வார். தாடியைக் கடைசிவரை எடுக்கவில்லை. தெருவில் பாதிப் பூட்டுகளுக்குச் சாவி போட்டவர், தன் வீட்டுப் பின்னறைக்கு மட்டும் பூட்டே போடவில்லை. தங்கை கேட்டபோது, "இருக்கட்டும், திறந்தே இருக்கட்டும்," என்றாராம்.

தேடுவதை நிறுத்திவிட்டதாகக் கப்பல் கம்பெனி எழுதிய கடைசிக் கடிதத்தை அம்மாவுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அது வந்தது 1979 நவம்பர் 9, வெள்ளிக்கிழமை.