எங்கள் நிறத்தில் ஒரு மார்பகம்

இதை எழுதவேணும் என்று பேனையை எடுப்பதும், சனம் என்ன சொல்லுமோ என்று திரும்ப மூடி வைப்பதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. நான் அதிகம் படித்தவள் அல்ல. மார்பகம் என்ற சொல்லை என் கையாலே எழுதுவதற்கே கூச்சமாக இருந்தது. இப்போது தலைப்பிலேயே எழுதிவிட்டேன். இனி மற்றதையும் எழுதலாம்.

மார்பில் ஒரு கட்டியை வைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், இரவில் மட்டும் தொட்டுப் பார்த்துப் பயப்படுகிற அம்மாமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசிப் பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலேயர் நாட்டுக்கு வந்து, கோலியர்ஸ் வுட் என்ற இடத்தில் ஒரு வாடகை வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை குளியலறையில் தோய்ந்துகொண்டு நின்றபோது இடது பக்கத்தில் புளியங்கொட்டை அளவில் ஒன்று சோப்புக் கைக்குத் தட்டுப்பட்டது. நோகவில்லை. நோகாதபடியால் ஒன்றும் இராது என்று நினைத்தேன். சாமிப் படத்துக்கு முன்னால் நின்று அதன்மேல் திருநீறு பூசினேன். கனநாள் அப்படியே பூசிக்கொண்டு திரிந்தேன்.

திருநீறு பூசுவதில் பிழை இல்லை. இன்றைக்கும் பூசுகிறேன். ஆனால் பூசிய கையோடு டொக்டரிடமும் போங்கள். நோகாத கட்டியையும் உடனே காட்டவேணும் என்று எனக்குப் பிறகுதான் சொன்னார்கள்.

பயொப்சி (கட்டியில் ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முடிவைச் சொன்ன டொக்டர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டபோதே எனக்கு விளங்கிவிட்டது. மஸ்ரெக்டமி (மார்பகத்தை முழுதாக எடுத்துவிடும் சத்திரசிகிச்சை) செய்யவேணும், அதன்பின் ரேடியோதெரபி (கதிர்ச் சிகிச்சை) என்றார். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து என்னைக் கேட்டார்: "ஊர் ஆக்களுக்கு என்ன சொல்லுவம்?"

"கர்ப்பப்பையிலை சின்னக் கோளாறு எண்டு சொல்லுங்கோ," என்றேன். எங்கள் மூத்த மகளுக்கு அப்போது சம்பந்தம் பார்க்கத் தொடங்கியிருந்தோம். தாய்க்குப் புற்றுநோய் என்றால் எந்த வீட்டார் படி ஏறுவார்கள்?

ஆஸ்பத்திரி வோட்டில் எனக்கு அடுத்த கட்டிலில் டொரீன் இருந்தா. ஜமேக்காவிலிருந்து இளவயதிலே வந்து பஸ் கண்டக்டராக வேலை செய்கிறவ. கறுப்பின ஆட்களைப் பற்றி எங்கள் சனம் வீட்டுக்குள்ளே எப்படிப் பேசும் என்பது உங்களுக்குத் தெரியும், அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. டொரீனோடும் மற்றவர்களோடும் ஆங்கிலத்தில் கதைத்ததை எனக்கு விளங்கின மாதிரி எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

சத்திரசிகிச்சை முடிந்த எல்லோருக்கும் டிரெயின் (காயத்து நீர் வடியும் குழாயும் போத்தலும்) போட்டிருந்தார்கள். அந்தப் போத்தலைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டுதான் கொரிடோரில் நடக்கவேணும். டொரீன் தன் பையைத் தூக்கிக்கொண்டு என் கட்டிலடியில் வந்து நின்றா.

"மிஸிஸ் நாதன், வாரும், சந்தைக்குப் போவம். உமக்கு என்ன வாங்கவேணும்?"

"மற்றப் பக்கம்," என்றேன்.

அவ சிரித்த சிரிப்பில் தையல் நொந்து, சுவரைப் பிடித்துக்கொண்டா. நானும் சிரித்தேன். நோய் வந்த பிறகு அதுதான் என் முதல் சிரிப்பு.

காயம் ஆறிய பிறகு புரொஸ்தீசிஸ் (சட்டைக்குள் வைக்கும் செயற்கை மார்பகம், மெதுமெதுவென்ற சிலிக்கனில் செய்தது) தந்தார்கள். பொருத்தித் தருகிற வெள்ளைக்கார அம்மா நல்ல மனிசி. பெட்டியைத் திறந்தா. இளரோசா நிறத்தில் ஒன்று இருந்தது. பெட்டியின் வெளியே 'தோல் நிறம்' என்று போட்டிருந்தது. நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் அதை வைத்துப் பார்த்தேன். நான் கரிய நிறம். வேறு யாரோ ஒருத்தியின் உடம்புத் துண்டை என்னில் ஒட்டி வைத்ததுபோல இருந்தது. குனிந்தால் பிளவுசின் கழுத்துக்குள்ளே ரோசா தெரிந்தது. கோயிலில் விழுந்து கும்பிடும்போது பக்கத்தில் நிற்கிறவள் கண்டுவிட்டால்? குறைப்பட்ட உடம்போடு சந்நிதிக்குப் போவதே சரியா என்று மனம் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போவதை விட்டேன். பிறகு கடைக்குப் போவதையும் விட்டேன்.

ஒருநாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. தேயிலைச் சாயத்தில் துணி பழுப்பாகும். இது ஏன் ஆகாது? பெரிய சட்டியில் தேயிலையைக் கொட்டி, கொஞ்சம் மஞ்சளும் போட்டு, அதை உள்ளே விட்டுக் கொதிக்க வைத்தேன். பெற்றோல் அடிக்கிற செட்டில் வேலை முடிந்து பசியோடு வந்த வீட்டுக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார்.

"இஞ்சாரும், இதென்ன, ஒரு கொழுக்கட்டைதானோ அவிச்சனீர்?"

அவர் திரும்பவும் உற்றுப் பார்த்துவிட்டு மூடியை மெல்ல வைத்தார். சாயம் ஏறவில்லை. அது ஊதி, ஓரம் வெடித்து, உள்ளே இருந்த களி வெளியே வந்துவிட்டது.

புதிதாக ஒன்று கேட்கத் திரும்பவும் கிளினிக்குக்குப் போகவேணும். பேச்சு விழும் என்ற பயத்தில் டொரீனுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவ கூட வந்தா. வெடித்ததைக் கண்ட அந்த அம்மா, "இதுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டா.

"சமைச்சுப் போட்டா," என்றா டொரீன். "ஏன் சமைச்சவ எண்டு கேளுங்கோ." பிறகு அலுமாரியிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்து, அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தா. "தோல் நிறமாம். ஆரின்ரை தோல்?"

அந்த அம்மாவின் முகம் சிவந்துபோனது. "எங்களுக்கு இந்த நிறம்தான் வருகுது. வேறை நிறம் வேணும் எண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை."

"அப்ப நாங்கள் கேக்கிறம்," என்றா டொரீன்.

அவ கும்பிடப் போகிற சேர்ச்சிலும், பஸ் கராஜிலும், எங்கள் வோட்டிலும் இதே சத்திரசிகிச்சை செய்த கறுப்பினப் பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தனித்தனியே அந்த ரோசாவை வாங்கி, தனித்தனியே பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். தையல்காரி பேர்ள் தன்னுடையதற்குத் தன் தோல்போலக் கபிலத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தா. கானா நாட்டு நேர்ஸ் மேர்சி அதை வைக்கவே மனமில்லாமல் காலில் போடுகிற ஒரு சொக்ஸை உருட்டி வைத்திருந்தா. எல்லோரும் ஒரே நாளில், ஆஸ்பத்திரிக்குச் சாமான் வாங்கப் பொறுப்பான அதிகாரியிடம் போவதென்று முடிவானது.

"நீரும் வரவேணும்," என்றா டொரீன்.

வீட்டுக்காரருக்குச் சொன்னேன். அவர் சாப்பாட்டில் கையை வைத்தபடியே இருந்தார். "அந்த ஆஸ்பத்திரியிலை எத்தினை தமிழ்ப் பிள்ளையள் வேலை செய்யுதுகள்? ஒரு கண் கண்டால் போதும், ஊருக்கே தெரிஞ்சிடும். உமக்கு நிறம் முக்கியமோ, பிள்ளையின்ரை வாழ்க்கை முக்கியமோ?"

அவர் கெட்ட மனிதர் அல்ல. ரேடியோதெரபிக்கு ஒவ்வொரு நாளும் என்னோடு வந்தவர். விடிய எழும்பி விளக்கேற்றி, அம்மாளாச்சியிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: எந்தப் பக்கம் போகவேணுமோ அந்தப் பக்கம் என் காலைத் தூக்கிவிடு. பிறகு சேலை உடுத்தேன். பிளவுசைக் கொழுவிக்கொண்டேன், கால் தானாக வாசல் பக்கம் போனது.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மற்ற நிறம் வெளிநாட்டிலிருந்து வரவேணும், செலவு கூட, இப்போது உள்ளது எல்லோருக்கும் பொருந்துகிறது என்றுதான் தனக்கு அறிக்கை வந்திருக்கிறது என்றார். டொரீன் கதைத்தா. மேர்சி கதைத்தா. அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் பேனையை மூடியபோது, இது முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகப்போகிறோம் என்று எனக்குத் தெரிந்தது.

நான் திரும்பி நின்று, சேலைத் தலைப்புக்குள் கையை விட்டு, திரும்பத் தந்திருந்த அந்த ரோசாவை வெளியே எடுத்து அவருடைய மேசையில் வைத்தேன். அதன் பக்கத்தில் என் கையை வைத்தேன்.

"இது என்ரை கை," என்றேன். "பாருங்கோ."

அதற்குமேல் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. பேர்ள் தன்னுடையதை எடுத்து உறையைக் கழற்றி என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தா. பிறகு டொரீன். பிறகு மற்றவர்கள். மேர்சி தன் சொக்ஸை வைத்தா. அந்த மனிதர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"திரும்பாதேங்கோ சேர்," என்றா டொரீன். "உங்கடை ஆஸ்பத்திரி தந்த சாமான்தான். சொக்ஸைத் தவிர."

அவர் திரும்பிப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு வந்து கதிரையில் இருந்துகொண்டு, மூடிய பேனையைத் திறந்தார்.

குளிர் முடிகிற நேரத்தில் புதுப் பெட்டிகள் வந்தன. இளங்கபிலம், கடுங்கபிலம் என்று இரண்டு நிறம். என்னுடையதை வைத்துப் பார்த்தேன். அச்சொட்டாக என் நிறம் என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் வெளிறல்தான். ஆனால் அது என் வீட்டு ஆள்போல இருந்தது. அடுத்த வெள்ளி கோயிலுக்குப் போய், தலை நிலத்தில் முட்ட விழுந்து கும்பிட்டேன். யார் பக்கத்தில் நின்றார்கள் என்று பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை, டொரீனின் சேர்ச் மண்டபத்தில் பெண்கள் எல்லோரும் கூடினார்கள். ஒவ்வொருத்தியும் எழுந்து, இந்த நாட்டில் தான் செய்ததில் எதற்குப் பெருமைப்படுகிறாள் என்று சொல்லவேணும். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தொப்பி போட்ட அவ்வளவு பெண்களுக்கு நடுவில் நான் பொட்டோடு இருந்தேன்.

மேர்சி சொன்னா: "நான் வந்தபோது நேர்ஸ்மாருக்கான கீழ்ப்பரீட்சை எடுக்கத்தான் விட்டவை. மேல்பரீட்சையை இரண்டு பிள்ளையளோடை, நைட் ஷிப்டோடை எடுத்தன். இண்டைக்கு நான் வேலை செய்த வோட்டுக்கு நான்தான் பொறுப்பான சிஸ்டர்."

பேர்ள் மெல்லப் பேசுகிறவ. "எங்கடை பிள்ளையளைப் பள்ளிக்கூடத்திலை மந்தம் எண்டு ஒதுக்கிவைச்சினம். நான் தையல் மெசினை மூலைக்குத் தள்ளிப்போட்டு, சனிக்கிழமையளிலை முன்னறையிலை அதுகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தன். அதிலை ஒருத்தி இப்ப அதே பள்ளிக்கூடத்திலை கணக்கு ரீச்சர்." சனம் கைதட்டியபோது, "இருங்கோ, அவளுக்கு இன்னும் தையல் வராது," என்றா.

டொரீன் அந்த மேசைக் கதையைச் சொல்லுவா என்று எல்லோரும் காத்திருந்தோம். அவ சொல்லவில்லை.

"போன கிழமை கிளினிக்கிலை ஒரு இளம்பொம்பிளை, எங்கடை நிறம். அந்த அம்மா பெட்டியைக் குடுத்தா. அவள் திறந்து பாத்திட்டு, பைக்குள்ளை வைச்சுக்கொண்டு போயிட்டாள். அதிலை ஒரு புதுமையும் அவளுக்குத் தெரியேல்லை. ஆரிட்டையும் கெஞ்சேல்லை. நான் பெருமைப்படுறது அதுக்குத்தான்."

பிறகு என்னைப் பார்த்தார்கள். எழுந்து, வந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

என் மூத்தவளுக்கு மிச்சம் என்ற பக்கத்து ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது, மாப்பிள்ளையின் தாயாருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு நானே சொன்னேன்: எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, ஒரு பக்கம் எடுத்தது, தெரிந்துகொண்டு விருப்பமென்றால் வாங்கோ என்று. வீட்டுக்காரர் நிலத்தைப் பார்த்தார். அந்த அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு, "அக்கா, ஒருக்கா உள்ளை வாங்கோ," என்று என் கையைப் பிடித்தா. அறைக்குள் போய், அந்தக் கையைத் தன் நெஞ்சில் ஒரு இடத்தில் வைத்தா. "இதுவும் அதுதானோ?"

அது அதுதான். ஆனால் சிறியது, வேளைக்கே பிடித்துவிட்டார்கள். கலியாணத்தன்று சம்பந்தி அம்மாவும் நானும் ஒரே வரிசையில் நின்றோம். வீட்டுக்காரர் வந்த ஆட்களுக்கெல்லாம், "இவவாலைதான் அவ தப்பினவ," என்று தானே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதைத்தான் மண்டபத்தில் சொன்னேன். டொரீன் எழுந்து நின்று கைதட்டினா.

பேர்ளுக்கு அடுத்த வருடம் நோய் திரும்பி வந்தது. கடைசி உடுப்பை உடுத்தும்போது அந்தக் கபில மார்பகத்தையும் வைத்து அனுப்பினார்கள். அப்படிச் செய்யச் சொன்னது அவவேதானாம்.

என் உடம்பை முன்பு நான் கவனித்ததே இல்லை, மூடி மட்டும் வைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு காலையும் அந்தச் சிலிக்கனை எடுத்து வைக்கும்போது குளிராக இருக்கும். என் சூட்டை அது பிடிக்கும்வரை அசையாமல் நின்று ஒரு தேவாரம் படிப்பேன். தேவாரம் முடிய அதுவும் நானும் ஒரே சூடு. முன்பு அடுத்த வருடம், மகளின் கலியாணம், ஊருக்குத் திரும்புவது என்று தூரத்திலேயே வாழ்ந்தேன். இப்போது எனக்குக் காலம் என்றால் அந்தத் தேவாரத்தின் நீளம்தான். அது போதுமானதாக இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் தெரிந்த ஒருத்திக்காவது கொடுங்கள், அல்லது வாசித்துக் காட்டுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். வாய் மாறிப் போகும்போது எங்கள் சனம் புற்றுநோயைக் 'கோளாறு' என்றும், மார்பகத்தை 'அந்த இடம்' என்றும், இந்தப் பெண்களை 'ஆரோ சில பேர்' என்றும் ஆக்கிவிடும். அப்படி ஆக்காதீர்கள். டொரீன், பேர்ள், மேர்சி என்று பெயர் சொல்லுங்கள். கறுப்பினப் பெண்கள் என்று சொல்லுங்கள். நான் எழுதியபடியே சொல்லுங்கள்.