அழிந்துபோன அம்புக்குறி

நல்லது நடந்தால்தான் அன்புச்செல்விக்குப் பயம் வரும். அடையாறு ஆய்வகத்தில் அவளுக்குப் பக்கத்து மேஜை எனக்கு. எட்டு வருடமாக இந்த இம்சையை அனுபவிக்கிறேன்.

எஃகுக்குள் பொடிப்பொடியாகப் படிகங்கள் இருக்கின்றன. காய்ச்சி, உருளைகளுக்கிடையே நசுக்கித் தகடாக்கும்போது அவை திரும்பிக்கொள்ளும். எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே கணினியில் கணிப்பது அவள் வேலை. தப்பினால், கார்க் கதவுக்காக அழுத்தும்போது தகடு கிழியும். அவள் கணிப்பை நம்பி ஓர் ஆலை திங்கட்கிழமை தகடு உருட்டக் காத்திருந்தது. பொய்த்தால் நாலு வருடத் திட்டத்துக்கு மூடுவிழாதான்.

வெள்ளிக்கிழமை சோதனைத் துண்டின் அளவீடு வந்தது. கணிப்போடு அச்சு அசலாகப் பொருந்தியது. எங்கள் தலைவர் குருபிரசாத் எல்லாருக்கும் பாதுஷா வாங்கி வந்தார். இவள் அதைத் தின்னாமல் டப்பாவில் போட்டுவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள்.

“என் கணக்கு இவ்ளோ நல்லா வராதே, சேரா.”

“பொருந்தினாலும் அழுவியா?” என்றேன்.

பின்கட்டுப் பட்டறைக்கு ஓடினாள். நானும் போனேன். துண்டு வெட்டும் வெள்ளைச்சாமி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, தகடு உருண்ட திசைக்கு அம்பு போட்டுட்டுத்தானே வெட்டினீங்க?”

“போடாம வெட்டுவனாம்மா? மீதித் துண்டு இதோ கீது, பாரு.”

சிவப்பு அம்பு தெளிவாக இருந்தது. படிகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அந்த அம்பை வைத்துத்தான் அளப்போம். அவள் கையோடு கொண்டுவந்திருந்த சோதனைத் துண்டில் அதைக் காணோம். மெருகேற்றும்போது அழிந்துவிடும் என்பதால், முதலிலேயே பின்பக்கம் ஓர் அம்பு போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். அவள் மறந்துபோய், அழிந்த பிறகு ஞாபகத்திலிருந்து போட்டிருந்தாள். இரண்டு துண்டையும் வெட்டுவாய் பொருந்தச் சேர்த்து வைத்தாள். அவள் போட்ட அம்பு சிவப்பு அம்புக்குக் குறுக்கே நின்றது.

மேஜைக்குத் திரும்பி, அளவீட்டைச் சரியான திசைக்குத் திருப்பிப் பார்த்தாள். கணிப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வெட்கத்தோடுதான் சொல்கிறேன், அப்போது வாயைத் திறந்தவன் நான். “யாருக்குத் தெரியும்? திங்கட்கிழமை உருட்டிப் பாக்கட்டும், விடு.”

“கிழிஞ்சா?”

துண்டுகளை எடுத்துக்கொண்டு குருபிரசாத்தின் அறைக்குப் போனாள். பத்து நிமிடத்தில் அவர் ஆலைக்கு போன் போட்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். திட்டம் தொடருமா என்பது அவருக்கும் தெரியவில்லை.

மாலையில் மாம்பலம் போகும் பஸ்ஸுக்காக நின்றோம். டப்பாவைத் திறந்து பாதுஷாவைப் பிட்டாள். தன் பாதியை நிதானமாகத் தின்று முடித்தாள். எனக்குக் கொடுத்த பாதிதான் பஸ் வரும்வரை என் கையிலேயே இருந்தது.