டிரம்ஸ்காரனை மாற்றவில்லை

எங்கள் ராக் பேண்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்பேன். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பெரும்பாலும் போனார்கள்.

ஒன்பதாம் வகுப்பை முடிக்காமல் ஊரைவிட்டு ஓடி, லாரியில் கிளீனராகவும் திருப்பூரில் பனியன் கம்பெனியிலும் சென்னையில் ஓட்டலிலும் இருந்துவிட்டு, 2004இல் மரக்காணம் திரும்பினேன். உப்பு மூட்டை ஏற்றும் வேலைதான் கிடைத்தது. உள்ளங்கையில் வெடிப்பு, வெடிப்பில் உப்பு. ஒரு வாரத்தில் பழகிவிடும். அங்கேதான் டிரம்ஸ்காரன் பழக்கமானான். அவனும் என் ஊர்தான், ஆனால் காலனி. ஊருக்குள் இருந்த காலத்தில் நாங்கள் இரண்டு வார்த்தை பேசியதில்லை. மூட்டை ஏற்றும் களத்தில் ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தோம். லோடு முடிந்ததும் அவன் லாரியின் பக்கப் பலகையில் இரண்டு குச்சிகளால் தட்டுவான். டிரைவர்கள் திட்டுவார்கள். திட்டிவிட்டு நின்று கேட்பார்கள்.

கூனிமேட்டுப் பையன் ஒருவனிடம் எலக்ட்ரிக் கிட்டார் இருந்தது. ஷார்ஜாவிலிருந்து அவன் அண்ணன் கொண்டுவந்தது. கூடவே ஒரு பை நிறைய இங்கிலீஷ் கேசட். மீனவர் குப்பத்திலிருந்து ஒருவன் பாட வந்தான். அலைச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை, அவனுக்கு மைக் தேவைப்படவில்லை. நான் பாட்டு எழுதினேன், பெட்டி தூக்கினேன். சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை என்பது கிட்டார்காரன் போட்ட சட்டம். லாரியைப் பற்றி, கரண்ட் கட்டைப் பற்றி, மேஸ்திரியைப் பற்றி எங்கள் பாட்டுகள். டிரம்ஸ் செட்டை, கலைந்துபோன ஒரு கல்யாண பேண்டிடம் பாண்டிச்சேரியில் பிடித்தோம்.

ஓர் உப்பளத்தின் மோட்டார் கொட்டகையில் ஒத்திகை. சத்தம் தாங்கவில்லை என்று பாத்தியில் வேலை செய்தவர்கள் முறையிட்டார்கள். நாங்கள் புத்திசாலித்தனமாக உப்பு மூட்டைகளைச் சுவரோரம் கூரைவரை அடுக்கினோம். சத்தம் நின்றுவிட்டது. அப்புறம் ஐப்பசி மழை வந்தது. மழைக்காலத்தில் உப்பு கசியும் என்பது எங்கள் பக்கத்துக் கைக்குழந்தைக்கும் தெரியும். உப்பிலேயே வளர்ந்த நாலு பேருக்கு அது ஞாபகம் வரவில்லை. ஒரு நாள் சுவிட்சைப் போட்டதும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து புகை கிளம்பியது. பின்பக்கப் பலகை ஊறிப்போய், கைவைத்த இடத்தில் பிய்ந்து வந்தது.

"ஆம்ப்ப ஊறுகா போட்டுட்டோம்டா" என்றான் கிட்டார்காரன். சிரித்தோம். வேறென்ன செய்வது?

டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. பாடகனின் வீடும் போயிற்று, அவன் அப்பாவின் படகும் போயிற்று. கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தான். பிறகு கேரளாவில் விசைப்படகு வேலைக்குப் போனான். அவன் இடத்தில் நான் பாட ஆரம்பித்தேன். என் குரல் அவ்வளவு நன்றாக இருக்காது, ஆனால் சொற்கள் என்னுடையவை என்பதால் மறக்காது. அடுத்து கிட்டார்காரனுக்கு விசா வந்தது. விமானம் ஏறும் முன் கிட்டாரை எங்களிடம் கொடுத்து, "கம்பில தேங்காண்ணெ தடவி வை மச்சான், துரு ஏறிடும்" என்றான். பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் கல்லூரிப் பையன் ஒருவன் அதை வாசிக்க வந்து சேர்ந்தான். எங்களைவிட நன்றாக வாசித்தான். அது அவனுக்கும் தெரியும். புது ஆம்ப்ளிஃபயரும் அவனுடையதுதான்.

2005 ஆடியில்தான் முதல் மேடை வந்தது. அதுவரை லாரிக்காரர்களையும் மூட்டை தூக்குகிறவர்களையும் தவிர யாரும் எங்களைக் கேட்டதில்லை. என் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்கு எங்களைப் போடலாம் என்று இளவட்டங்கள் பிடிவாதம் பிடித்திருந்தார்கள். விழாக் கமிட்டியில் இருந்த என் சித்தப்பா டிவிஎஸ் வண்டியில் களத்துக்கே வந்தார்.

"மொதல்ல நாலு அம்மன் பாட்டு பாடிடுங்க. அப்புறம் உங்க இஷ்டத்துக்குக் கத்துங்க" என்றார்.

"சரி சித்தப்பா."

"இன்னொண்ணு. அந்த டிரம்ஸ் அடிக்கிற பையன் வேணாம். அன்னிக்கு மட்டும் வேற ஆளக் கூட்டியா."

"ஏன்?"

"ஏன்னா? மேடை கோயில் வாசல்ல போடுறோம்டா. ஊர்ல சாவு வுழுந்தா அவங்கப்பன் மேளம் அடிக்கிறான். அந்த வூட்டுப் பையன் சாமி எதிர்ல மேடையேறினா பெருசுங்க சும்மா இருக்குமா?"

"அவன மாத்த முடியாது சித்தப்பா."

"என்னாடா மாத்த முடியாது? மாசத்துக்கு ஒரு ஆள மாத்துற! பாடுறவன் போனான், நீ வந்த. துலுக்கப் பையன் போனான், பாண்டிக்காரன் வந்தான். இவன் என்ன, ஒட்டியா கெடக்குறான்?"

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் போனவர்கள் எல்லாம் கடலும் வயிறும் விசாவும் இழுத்துப் போனவர்கள். நாங்கள் யாரையும் இறக்கிவிட்டதில்லை. இதை அவரிடம் விளக்கிக்கொண்டு நிற்கத் தோன்றவில்லை. அவன் இல்லாமல் வரமாட்டோம் என்று மட்டும் சொன்னேன். வேறு ஆர்க்கெஸ்ட்ராவைப் பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.

கொட்டகையில் விஷயத்தைச் சொன்னபோது பாண்டிக்காரன் முகம் தொங்கிவிட்டது.

"ஒரு நாள்தான மச்சான். எனக்குத் தெரிஞ்ச டிரம்மர் ஒருத்தன் இருக்கான், பஸ்ஸேறி வந்துடுவான். இவனும் தப்பா எடுத்துக்க மாட்டான். என்னடா?"

டிரம்ஸ்காரன் சிம்பலின் திருகை இறுக்கிக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்தது என்னைப் பார்த்து.

"நீ என்ன சொன்ன?"

"முடியாதுன்னுட்டேன்."

"என்னக் கேக்காம எதுக்குடா சொன்ன?"

"கேட்டிருந்தா போங்கன்னு சொல்லியிருப்பியா?"

"நானே வந்து சொல்லியிருப்பேன்டா. வேணான்னு சொன்னது என்னத்தான? உங்க சித்தப்பன் மூஞ்சியப் பாத்து நான்தான் சொல்லணும். எந்திரி, போவலாம்."

கோயில் வாசலில் பந்தலுக்குச் சவுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். காலனி ஆட்கள் வழக்கமாக நிற்கும் வேப்பமரத்தடியைத் தாண்டி, டிரம்ஸ்காரன் நேராக நாற்காலிவரை போனான். அவன் வீட்டில் எல்லோரும் அவர்களை ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அண்ணே" என்றான்.

கம்பு நட்டவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"சாவுக்கு அடிக்கிறது எங்கப்பா. வேணுமா வேணாமான்றது அவரு பாடு. நான் இந்த பேண்டோட டிரம்மர். பேண்டு மேடையேறினா நானும் ஏறுவேன். ஏறக்கூடாதுன்னா பேண்டு வராது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"பேச்சப் பாருடா இவனுக்கு" என்றார் ஒருவர்.

"டேய், அழைச்சிக்கினு போடா அவன" என்று சித்தப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நான் அழைச்சிக்கினு வரல சித்தப்பா. அவன்தான் என்னக் கூட்டியாந்தான்."

யாரும் அடிக்கவில்லை. அதற்குத் தயாராகத்தான் போயிருந்தோம். ஆனால் மறுநாளே மோட்டார் கொட்டகைக்குப் புதுப் பூட்டு. அளத்துக்காரர் கமிட்டியில் ஒருவருக்குச் சம்பந்தி. டிரம்ஸ் செட்டும் ஆம்ப்ளிஃபயரும் வெளியே வரப்பில் கிடந்தன. பாண்டிக்காரன் தன் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினான். ஊர்ப் பகை தனக்குத் தேவையில்லை என்றான். கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனான், அதைச் சொல்லியாக வேண்டும். எனக்கும் வீட்டில் சோறு நின்றது. களத்திலேயே படுத்துக்கொண்டேன். வெளியூர்களில் அதைவிட மோசமான இடங்களில் படுத்தவன்தான்.

பேண்டில் மீதி இரண்டு பேர். ஒருவன் பாடுகிறவன், ஒருவன் அடிக்கிறவன். இரண்டு பேர் என்றால் பேண்டு இல்லை என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

திருவிழா அன்று சாயங்காலம் லோடு சீக்கிரம் முடிந்தது. ஈசிஆர் ஓரமாக, மூட்டை ஏற்றும் சிமெண்ட் மேடையில் டிரம்ஸை வைத்தோம். கை கால் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் சிலர், என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று நின்றார்கள். இரண்டு லாரிக்காரர்கள் கேபின் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தார்கள். கரண்ட் இல்லை, மைக் இல்லை. மூன்றாவது பாட்டின் நடுவில் பாண்டிச்சேரிப் பக்கமிருந்து வந்த வேன் ஒன்று ஓரங்கட்டியது. மேலே கீபோர்டு ஸ்டாண்டும் பெட்டிகளும் கட்டியிருந்தன. ஜன்னலில் ஜிகினாச் சட்டை போட்ட ஒருவர் தலையை நீட்டினார்.

"ஏம்பா, அம்மன் கோயில் திருவிழாவுக்கு எப்படிப் போறது?"

டிரம்ஸ்காரன் குச்சியாலேயே காட்டினான். "அடுத்த சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்கண்ணே. ரெண்டு கிலோமீட்டர். மேடை பெருசா போட்டிருக்காங்க. எங்களுக்குன்னு போட்ட மேடை. நல்லா வாசிங்க."

அவர் டிரம்ஸைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "நீங்க ஏம்பா போகல?"

"நாங்க இங்க வாசிக்கிறோம்ணே" என்றான்.

வேன் கிளம்பியது. லாரிக்காரர்களில் ஒருவர், "விட்ட எடத்துலேர்ந்து பாடாத, மொதல்லேர்ந்து பாடு" என்றார். டிரம்ஸ்காரன் குச்சிகளை ஒன்றோடொன்று தட்டிக் கணக்குக் கொடுத்தான். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.