விலாவுக்குக் கீழே இருப்பது ரகசியமல்ல

நாங்கள் காக்கா என்றழைத்த என் அண்ணன் மௌத்தாகி ஒரு வருடம் நிறைந்த இந்நாளில், குர்ஆன் ஓதலுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் ஸலாம். அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதச் சொன்னார் உம்மா. அவரைப் பற்றி எழுத நல்லது மட்டுமே இருக்கிறது. அவரோடு சேர்த்து எழுத வேண்டிய மற்றவர்களைப் பற்றி, நான் உட்பட, அப்படி எழுத என்னால் முடியவில்லை.

காக்கா சாய்ந்தமருதில் பிறந்தார். கரைவலைத் தொழில் செய்த வாப்பா, காக்காவுக்குப் பதினைந்து வயதாகும்போது மௌத்தானார். பள்ளிக்கூடத்தை விட்டு ஆஸ்பத்திரியில் ஓடலி வேலைக்குப் போய் எங்கள் நால்வரையும் வளர்த்தார். காயம் கழுவுவதும் நோயாளிகளைத் தூக்குவதும் அவர் வேலை. அவருடைய ஆர்வத்தைக் கண்ட, அங்கே வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஐயா, உடம்பின் எலும்புகளும் உறுப்புகளும் வரைந்த பழைய புத்தகமொன்றைக் கொடுத்தார். எழுத்துக்கூட்டித்தான் இங்கிலீஷ் வாசிப்பார். படங்களை மட்டும் பாடமாக்கியிருந்தார்.

நாடு சுதந்திரமடைந்து சில வருடங்களே ஆகியிருந்தன. காக்காவும் நானும் ஓர் அண்ணாவியாரிடம் கம்படியும், வெறுங்கையால் செய்யும் சீனடியும் பழகினோம். அவர் பெயரை இங்கே எழுதி இந்தக் காகிதத்தை அழுக்காக்க மாட்டேன். தொட்டால் ஆளை விழுத்தும் இடங்கள் உடம்பில் உண்டென்பார், வாயோரம் வெற்றிலை எச்சில் வழிய. ஓர் இடத்தைக் காட்டக் கூலியாக ஒரு சேவல் கேட்பார். ஒருநாள் காக்கா கேட்டார்:

“இடப்பக்க விலாவுக்குக் கீழ அடிச்சா ஏன் ஆள் விழுறான் அண்ணாவியார்? உள்ளுக்க என்ன இரிக்கி?”

“அது ரகசியம். கேக்கப்படாது.”

“அங்க மண்ணீரல் இரிக்கி. மலேரியா வந்தவனுக்கு அது வீங்கியிரிக்கும். லேசா அடிச்சாலும் வெடிச்சிரும்.”

“ஆஸ்பத்திரியில பீ அள்ளுறவன் எனக்குப் படிச்சித் தாறானோ?”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாள் பின்னேரம் கடற்கரையில் கம்படி விளையாட்டு நடந்தது. காக்கா கடமையில் இருந்தார். மருதமுனையில் தறி நெய்யும் சலீம் எங்களோடு கம்படி பழகியவன். மலேரியாவில் இரண்டு தரம் கிடந்து எழும்பியவன். அவனை நடுவில் நிறுத்தி, அண்ணாவியார் அவன் இடப்பக்க விலாவுக்குக் கீழே விரலை வைத்து என்னைப் பார்த்தார்.

“இஞ்ச குடு. சனம் பாக்கட்டும்.”

காக்கா சொன்னது எனக்கு நினைவிருந்தது. சுற்றிவரச் சனம் நின்றது. அடித்தேன்.

சலீம் மடங்கி விழுந்தான். சனம் கைதட்டியது. முகம் வெளுத்து, குளிர்ந்து வேர்த்து, “இடத் தோள் நோகுது” என்று முனகினான். “அடிச்ச இடம் ஒண்டு, நோகுற இடம் ஒண்டு. நடிக்கான்” என்று சிரித்த அண்ணாவியார், எண்ணெயைத் தடவி அவன் வயிற்றைப் பிசையத் தொடங்கினார்.

அப்போதுதான் காக்கா வேலை முடிந்து வந்தார். கண்டதும் ஓடினார்.

“வயித்துல கை வைக்காதீங்க! உள்ளுக்க ரெத்தம் போகுது. அதாலதான் தோள் நோகுது!”

ஊர்ப் பெரியவர் ஒருவர் அவர் கையைப் பிடித்தார். “பெருநாளும் அதுவுமா ஊர் மானத்தை வாங்காத மனெ. ஆஸ்பத்திரிக்குப் போனா பொலிசு வரும். ஓதின தண்ணி குடுப்பம்.”

“இவன் செத்து மையத்தாகினாலும் பொலிசு வரும்” என்று காக்கா கையை உதறினார்.

தோணிப் பலகையொன்றில் சலீமைக் கிடத்தி, நாங்கள் இருவருமே ரோட்டுக்குத் தூக்கிச் சென்றோம். நிந்தவூர்ப் பக்கமிருந்து வந்த லொறி ஏற்றிக்கொண்டது. மட்டக்களப்பில் வயிற்றைத் திறந்து வெடித்த மண்ணீரலை எடுத்தார்கள். பிழைத்தான். வழியெல்லாம் காக்கா அவன் நாடியைப் பிடித்தபடியிருந்தார்.

அடுத்த வாரம் பெரியவர்கள் கூடினார்கள். சலீமிடம் யார் மன்னிப்புக் கேட்பதென்று பேசுவதற்காக அல்ல. சபையில் வைத்து அண்ணாவியாரை அவமதித்ததற்குக் காக்கா மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்! தலைப்பாகையைச் சரிசெய்தபடி ஒவ்வொருவரும் தலையாட்டியதைப் பார்த்திருந்தேன். காக்கா எழும்பி வந்துவிட்டார்.

பின்பு அவரே எங்களுக்குக் கம்படி பழக்கத் தொடங்கினார். முதல் மாதம் கம்பைத் தொட விடவில்லை. காறை எலும்பு, விலா, முழங்கால் சில்லு என்று ஒவ்வொருவரும் தம் உடம்பையும் கூட்டாளியின் உடம்பையும் தடவி அறிய வேண்டும். மலேரியா வந்தவர்களைப் படுக்கவைத்து விலாவுக்குக் கீழே மெதுவாகத் தொட்டுப் பார்ப்பார். வீக்கமிருந்தால் உடம்பில் அடிவாங்கும் பயிற்சி அவர்களுக்கில்லை. பாலமுனை மீனவர் ஒருவருக்குக் கம்பைத் தலைக்குமேல் சுழற்ற வரவில்லை. அண்ணாவியாரென்றால் முதுகில் போட்டிருப்பார். காக்கா அவர் தோளைத் தொட்டுப் பார்த்து, “பிழையாப் பொருந்தின பழைய முறிவு. நீங்க நெஞ்சளவில சுத்துங்க, இடுப்பால பலத்தைக் குடுங்க” என்றார். இரண்டு மாதத்தில் அந்த மீனவரின் வீச்சைத் தடுக்க எங்களால் முடியவில்லை. ‘ஆஸ்பத்திரிச் சிலம்பு’ என்று ஊர் பழித்தது. ஆனால் அவரிடம் பழகிய ஒருவரும் ஊனமாகவில்லை.

காக்காவின் நெஞ்சை அரித்தது சயரோகம். நோயாளிகளைத் தூக்கியதில் தொற்றியது. முப்பத்திரண்டு வயதில் மௌத்தானார்.

ஜனாஸாவுக்கு அண்ணாவியாரும் வந்தார். “என்ட கையால வளந்த பொடியன்” என்று எல்லோரும் கேட்க அழுதார். சென்ற வாரம், அன்று கடற்கரையில் காக்காவின் கையைப் பிடித்த அந்தப் பெரியவர் வந்து, “அண்ணாவியார்ட மாணவன் எண்டு ஒரு வரி போடு மனெ” என்றார். போடவில்லை.

அப்போதிக்கரி ஐயாவுக்கும், கபுர்க் குழி வெட்டியவர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு அனுப்பிய மாமிமாருக்கும் நன்றி. அல்லாஹ் காக்காவைப் பொருந்திக்கொள்வானாக.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதைச் சலீமுக்கு வாசித்துக் காட்டினேன். நான் அடித்த இடம் வந்ததும் அதைத் தாண்டி வாசிக்கப் பார்த்தேன்.

“ஓம், அதையும் வாசி” என்றான்.

— தம்பி