சாக்கு என்றால் போதும்

எங்கள் சித்திரசாலையில் மகாராஜாக்கள் படத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். காவலர்களான நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். அவர்கள் எண்ணெய் வண்ணத்தில் ஜரிகைச் செருப்பு போட்டிருந்தார்கள், நாங்கள் வெறுங்கால். ராஜ உருவத்துக்கு முன்னால் உட்காரக் கூடாது, செருப்பு ஆகாது என்பது அரண்மனை வழக்கம். மைசூரில் ஆடித் தூறல் பிடித்துக்கொண்டால் கல்தளத்தின் குளிர் உள்ளங்காலில் புகும், முழங்காலுக்கு ஏறும், இடுப்பில் குடித்தனமே வைத்துவிடும்.

அந்த வருஷம் எங்களை மேம்படுத்துவதென்று மேலிடத்தில் முடிவாயிற்று. சனிக்கிழமை மதியம் சூப்பரிண்டெண்டே வகுப்பெடுத்தார். எப்படி நிற்பது, எப்படிக் கும்பிடுவது, துரைசானி வழி கேட்டால் எந்தக் கையை நீட்டுவது. சுவரில் சாயாதே. கொட்டாவி விடாதே. கட்டடத்துக்குள் கன்னடம்தான் பேச வேண்டும், பாதிப் பேர் தமிழரானாலும். அவரே மேல்கோட்டைத் தமிழர். வீட்டில் தமிழ், ஆபீசில் கன்னடம், கோபம் வந்தால் மட்டும் ஆபீசிலும் தமிழ். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர.

என் பக்கத்துக் கூடத்தின் காவலர் கொள்ளேகாலத்துக்காரர். குதிகால் பாளம் பாளமாக வெடித்து, நொண்ட ஆரம்பித்திருந்தார். நொண்டுகிற காவலன் சித்திரசாலைக்கு அழகில்லை, இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று சூப்பரிண்டெண்டு சொல்லியிருந்தார். ஊரில் அவருக்கு ஒரு முழ நிலம் கிடையாது.

வகுப்பின் முடிவில் ஊழியர்களின் குறை கேட்பதும் பாடத்தில் ஒன்று. கேட்டார். கொள்ளேகாலத்துக்காரர் எழுந்து கன்னடத்தில் தொடங்கினார். குளிர், வெடிப்பு, காலுக்கடியில் போட ஏதாவது கிடைத்தால் நொண்ட மாட்டேன், பழையதானாலும் சரி, கிழிந்ததானாலும் சரி. பேச்சு நீண்டுகொண்டே போனது. சூப்பரிண்டெண்டின் முகம் சிவந்தது. மேஜையில் ஓங்கித் தட்டி, "சாக்கு!" என்றார்.

கன்னடத்தில் அதற்குப் போதும், நிறுத்து என்று பொருள். தமிழில் கோணிப்பை. உச்சரிப்பில் மயிரிழை வித்தியாசம் உண்டு. எங்கள் காதுகள் அன்று அதைக் கண்டுகொள்ளவில்லை. முகம் சிவந்திருந்தபடியால் தமிழ்தான் என்று தீர்மானித்துவிட்டோம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்துத் தொலைத்திருப்போம்.

மறுபடி கதவு திறந்த நாளில் கூடத்துக்குக் கூடம் சாக்கு விரிந்திருந்தது. மண்டி மொஹல்லா மளிகைக் கடைகளில் கேட்டு வாங்கிய கொத்தமல்லிச் சாக்கு. மகாராஜாக்களின் சந்நிதியில் ரச வாசனை. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே சூப்பரிண்டெண்டு வந்தார், அவரும் வெறுங்காலோடு. நேரே கொள்ளேகாலத்துக்காரரிடம் போனார். அவர் மரியாதையாகச் சாக்கைவிட்டு இறங்கித் தள்ளி நின்றார்.

"யாருடா இதப் போடச் சொன்னது?"

"சாமிதானுங்க. சனிக்கெழம சாக்குன்னு உத்தரவாச்சுங்களே."

"நான் சொன்னது கன்னடம்டா, மண்டு!"

"அப்பிடிங்களா சாமி. கோவமா இருந்தீங்களா, அதான் தமிழாக்கும்னு நெனச்சுப்போட்டனுங்க."

அவர் வாயைத் திறந்தார். தமிழில் திட்டினால் தோற்றுப்போவார். கன்னடத்திலோ அவருக்குத் திட்டு வராது. திறந்த வாயோடு ஓரடி முன்னால் வைத்தவர், சாக்கின்மேல் நின்றுவிட்டார். கால்விரல்கள் ஒருதரம் விரிந்து மடங்கின. முகத்தில் சிவப்பு மெல்ல வடிந்தது. பிறகு மிகச் சுத்தமான கன்னடத்தில், சாக்குகளைத் துவைத்து உலர்த்தித்தான் போட வேண்டும், மகாராஜாக்களுக்கு முன்னால் ரசம் மணக்கக் கூடாது என்று உத்தரவிட்டார்.

உத்தரவு முடிந்தும் அவர் சாக்கைவிட்டு இறங்கவில்லை. கொள்ளேகாலத்துக்காரர் குளிர்ந்த கல்லில் காலை மாற்றி மாற்றி வைத்து, தன் இடம் எப்போது காலியாகும் என்று பணிவோடு காத்திருந்தார்.