தொட்டியில் கரைத்த வெல்லம்

முதல் புழுவைப் பார்த்தபோது வாயில் பற்பசை நுரையோடு நின்றிருந்தேன். அலறிய அலறலில் நுரை முழுக்கச் சட்டைமேல். மீன்தொட்டியின் கண்ணாடியில், உள்பக்கமாக, வெள்ளை நூல் ஒன்று தானாக நெளிந்து ஏறிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால், மணலுக்குள்ளிருந்து ஒரு கூட்டமே தலையை நீட்டி ஆடிக்கொண்டிருக்கிறது!

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். கழித்துப்போட்ட இரும்பு ஆங்கிளைக் கேட்டு வாங்கி, சட்டம் பற்றவைத்து, கண்ணாடி பதித்து, நானே செய்த தொட்டி அது. ஒழுகாமல் நின்றதே எனக்கு ஒரு அதிர்ச்சிதான்.

நாங்கள் திருவள்ளூர்க் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்த பரம்பரை. மீன் என்ற சொல்லே வீட்டில் புழங்காது. ஊரிலிருந்து முதல் தடவை வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடா இது, ஆத்துக்குள்ள மீனு?"

"மச்சாவதாரம்மா. சேவிச்சுக்கோ."

சேவிக்கவில்லை. ஆனாலும் தங்கிவிட்டாள். என் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். தலைச்சன் பிரசவம்; பயந்துபோயிருந்தாள். தொட்டியிலிருந்த கறுப்பு மோலி மீனுக்கும் வயிறு பருத்திருந்தது. "இது முட்டை போடாதாம், குட்டியாவே போடுமாம். இது நல்லபடியா பெத்துண்டா எனக்கும் பயம் போயிடும்" என்று தினமும் அதன் எதிரே உட்கார்ந்துவிடுவாள். அந்த மீனுக்கு ஒன்று ஆகிவிட்டால் இவள் என்ன ஆவாள்?

இந்த லட்சணத்தில்தான் புழு.

"மீனுக்கு ஏதோ வியாதி" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

எங்கள் ஊரில் உடம்புக்கு ஏதாவது என்றால் பெருமாளை வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். அம்மா யோசித்தாள். "மீனைக் குளத்துக்குத் தூக்கிண்டு போக முடியுமா? இங்கேயே கரைச்சுடு."

எனக்கும் அது அருமையான யோசனையாகப் பட்டது. வெல்லத்தை நானே தட்டி, பக்தியோடு தொட்டியில் கரைத்தேன்.

மறுநாள் காலை தண்ணீர் அரிசி களைந்த கழுநீராக இருந்தது. நாற்றம் வேறு. மணலில் ஒளிந்திருந்த புழு அத்தனையும் மேலே கிளம்பிக் கண்ணாடி தெரியாமல் அப்பியிருந்தது. மோலி நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூச்சுக்குத் தவித்தது. என் மனைவி அழவில்லை. வெறித்துப் பார்த்தாள். அது இன்னும் பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "இன்னா சாமி, புழுவுக்கு விருந்து போட்டுக்கினு கீறீங்களா?"

மனைவி ஒரு கரண்டியை எடுத்து மணலைக் கிளறினாள். உப்பி அழுகிய பொரி குவியலாக வந்தது. சின்ன வயதில் கோயில் குளத்து மீனுக்குப் பொரி வீசின கை. இங்கேயும் காலை மாலை ஒரு பிடி வீசிக்கொண்டிருந்தேன். குளம் தாங்கும், தொட்டி தாங்குமா?

"மீன்மேல ஒரு புழுவாவது இருக்கா பாருங்கோ. எல்லாம் இந்தப் பொரியைத்தான் மொய்ச்சுண்டிருக்கு. வியாதி மீனுக்கில்லே, உங்களுக்கு."

கிணற்றுத் தண்ணீர் இறைத்து, கையில் அகப்பட்ட எவர்சில்வர் குண்டானில் ஊற்றினேன். காபி வடிகட்டியால் மோலியை அள்ளி அதில் விட்டேன்.

"ஐயோ, சாத்தமுது வைக்கிற குண்டான்டா அது!" ரசப் பாத்திரத்தில் மீனைக் கண்ட அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். எதற்குக் காதை என்று தெரியவில்லை.

கொல்லையில் தொட்டியைக் கவிழ்த்து, மணலை வெந்நீர் விட்டு அலசி அலசிக் கழுவினேன். வெல்லத்தில் கெட்ட தண்ணீரில் புழுவுக்கே மூச்சு முட்டித்தான் மேலே ஏறியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. விஞ்ஞானியாகத் திரும்பி வந்து குண்டானைப் பார்த்தேன்.

அடியில் கறுப்பு நூல்கள். நெளிந்துகொண்டு.

"இங்கேயும் வந்துடுத்து! இது கறுப்புப் புழு!"

ஆத்திரம் தலைக்கேற, குண்டானைத் தூக்கிச் சாக்கடைப் பக்கம் சாய்த்தேன்.

"கவிழ்க்காதேள்! கண்ணு இருக்கு!"

மனைவி போட்ட சத்தத்தில் கை அப்படியே நின்றது. விளிம்புக்கு வந்த ஒரு நூல் என்னைப் பார்த்தது. இரண்டு கண், ஒரு வால். குண்டானோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா ஓடிவந்து குனிந்தாள். அதே நேரம் மோலி திரும்பி ஒரு குட்டியை லபக்கென்று விழுங்கியது.

"அடிப்பாவி! பெத்தவளே முழுங்கறாளே!"

மடியாவது ஆசாரமாவது, வடிகட்டியைப் பிடுங்கி, குட்டிகளைத் தன் டபராவில் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள் அம்மா.

மனைவி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாதக்கணக்கில் பார்க்காத சிரிப்பு. பிறகு என்னிடம் சொன்னாள்:

"எனக்கு இப்போ பயமே இல்லே. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். வலி எடுக்கறச்சே நீங்க தயவுசெஞ்சு ஃபேக்டரியிலேயே இருங்கோ."